வெப்பத்துக்குப் பழகும் வாவிப் பச்சை

கேள்வி: கச்சான் வீசும் மாதங்களில் மட்டக்களப்பு வாவியின் கரையோர நீர் காலை வைத்தாலே சுடுகிறது, மாரி தொடங்கியதும் குளிர்ந்துவிடுகிறது. அதில் மிதக்கும் தாவரப் பிளாந்தன்கள் இந்த மாற்றத்தைத் தாங்கி வளர்வது எப்படி?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: தாவரப் பிளாந்தன்கள் என்பவை நீரில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள். அவை தாங்குவதோடு நிற்பதில்லை, தம் கலத்தின் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்கின்றன. பச்சையம் ஒளியைப் பிடிக்கும் வேகம் வெப்பநிலையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. பிடித்த சக்தியைக் கொண்டு காபனீரொட்சைட்டை உணவாக்கும் நொதியங்களோ, அதாவது கலத்தின் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களோ, குளிரில் மந்தமாகிவிடுகின்றன. அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்கள் நெல்லை ஏற்றி வந்தபடியே இருக்க, உள்ளே அரைவை தளர்ந்துபோன ஆலையின் நிலைதான் அது. தேங்கும் சக்தி கலத்தையே பழுதாக்கும் என்பதால், குளிரில் கலம் பச்சையத்தைக் குறைத்து நொதியங்களைக் கூட்டுகிறது. நீர் சூடேறினால் பச்சையத்தின் பங்கு மீண்டும் உயர்கிறது. இதனால், நீரின் பச்சை நிறத்தை மட்டும் பார்த்துப் பிளாந்தனின் அளவை மதிப்பிடுவது பிழையாகலாம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கலத்தைச் சூழ்ந்திருக்கும் கலமென்சவ்வும் மாறுகிறது. மார்கழி அதிகாலையில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். சவ்வும் அப்படி இறுகிவிடாதிருக்க, குளிரில் எளிதில் உறையாத நிரம்பாத கொழுப்பமிலங்களைக் கலம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது.

இவையெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. நல்ல சூழலில் பல இனங்கள் நாளுக்கு ஏறத்தாழ ஒருமுறை இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. முழுமையாகப் பழகப் பல பிரிவுகள் தேவைப்படுவதால், வெப்பநிலை மாறிய முதல் நாளில் அளக்கும் வளர்ச்சி வேகத்தை அந்த வெப்பநிலைக்குரிய வேகமாகக் கொள்ளக் கூடாது. 1972இல் கடலியலாளர் ரிச்சர்ட் எப்ளி பல இனங்களின் தரவுகளைத் தொகுத்து, உச்ச வளர்ச்சி வேகம் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ 1.88 மடங்காகிறது என்று காட்டினார். அது பல இனங்களின் உச்சங்களைத் தொட்டுச் செல்லும் கோடு. தனி இனம் ஒன்று தன் உகந்த வெப்பநிலையைக் கடந்தால் அதன் வளர்ச்சி செங்குத்தாகச் சரிகிறது. சூடு கூடும்போது ஒளித்தொகுப்பைவிடச் சுவாசம் விரைவாக உயர்வதும் கலத்தின் சேமிப்பைக் கரைக்கிறது. வெப்பவலய இனங்கள் பல அந்த எல்லைக்கு அருகிலேயே வாழ்கின்றன என்பதுதான் என் கவலை.

நம் வாவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாரியில் ஆற்றுநீர் நிறைந்து வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டு வெட்டுப்படும்போது உப்புத்தன்மை, கலங்கல், போசணைப் பொருள்கள் யாவும் ஒருங்கே மாறுகின்றன. வெப்பநிலையின் பங்கைப் பிரித்தறிய, ஒரே நாளில் அள்ளிய நீரை வெவ்வேறு வெப்பநிலைகளில், ஒரே அளவு ஒளியில், பல நாட்கள் வைத்துப் பழக்கிய பின்னரே அளக்க வேண்டும்.