சாட்டிலைட் போன் ஏன் இன்னும் எல்லோர் கைக்கும் வரவில்லை?

கடலூர் முதுநகரிலிருந்தோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்தோ ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு, கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். சாட்டிலைட் போனுக்குக் கரையில் டவர் தேவையில்லை. நேராகச் செயற்கைக்கோளுடன் பேசும்.

சரி, அப்படியானால் ஏன் எல்லாப் படகிலும் இல்லை? முதலில் தூரம். செல்போன் டவர் சில கிலோமீட்டரில் இருக்கிறது. இரிடியம் நிறுவனத்தின் செயற்கைக்கோள்களோ சுமார் 780 கி.மீ. உயரத்தில், இன்மார்சாட்டுடையவை ஏறக்குறைய 36,000 கி.மீ. அங்கிருந்து வரும் சிக்னல் மெலிந்துதான் வரும். டிஷ் ஆன்டெனாவுக்கு முன்னால் தென்னை மட்டை வளர்ந்தால் டிவி படம் நின்றுபோகுமே, அதே கதை. வீட்டுக்குள் பேச முடியாது. இன்மார்சாட்டில் நாம் பேசி முடித்து, பதில் காதில் விழ அரை நொடிக்கு மேல் ஆகும்.

அப்புறம் காசு. 1998-ல் சேவை தொடங்கிய இரிடியம் 1999-லேயே திவாலானது. கருவி செங்கல் கனம், கட்டணம் மலை. அதற்குள் ஊரெல்லாம் செல்போன் டவர் முளைத்துவிட்டது. கைமாறிப் பிழைத்த அந்த நிறுவனத்துக்குக் கப்பல்களும் ராணுவமும் மீட்புக் குழுக்களும்தான் சோறு போடுகின்றன. 2011 தானே புயல் மாதிரி கரன்ட் போய் டவர்கள் படுக்கும் நாளில் இதன் அருமை தெரியும். ஆனாலும் பொதுச் சந்தை பெரிதாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அனுமதியின்றி வைத்திருந்தால் கைதாகலாம்; வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். முறைப்படி வேண்டுமென்றால் பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட் சேவை உண்டு.

“என் செல்போனில் ஜி.பி.எஸ். இருக்கிறதே, அதுவும் சாட்டிலைட்தானே?” என்று பலர் கேட்பார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து சிக்னலை வாங்க மட்டுமே செய்யும், திருப்பி எதையும் அனுப்பாது.