வலி போய்விட்டது, யூரிக் ஆசிட் போகவில்லை

கேள்வி: பாம்பனில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். திடீரென்று ராத்திரியில் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. மெடிக்கலில் அட்டையை வெட்டி நாலு மாத்திரை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். ரெண்டு மாதத்தில் மறுபடியும் வருகிறது, ஏன் டாக்டர்?

பதில்: அண்ணே, நீங்கள் சொல்வது கவுட் மாதிரிதான் இருக்கிறது, அதாவது ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற கழிவு கூடி மூட்டில் வரும் நோய், முதலில் அதை உறுதிசெய்ய வேண்டும். மெடிக்கலில் தரும் டைக்ளோஃபெனாக், எடோரிகாக்சிப் மாதிரி மாத்திரைகள் வீக்கத்தையும் வலியையும் அடக்கும், ஆனால் யூரிக் ஆசிட்டைக் குறைக்காது. வாலிநோக்கம் உப்பளத்தில் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு பூக்குமே, அதே மாதிரி ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8-க்கு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு) மேல் போனால் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகிறது, அதிலும் உடம்பிலேயே சூடு குறைந்த இடமான கால்விரலில் சீக்கிரம் படியும். அதைக் கரைக்க அலோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் என்று வேறு மாத்திரை இருக்கிறது. அளவை 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்த வேண்டும், அதற்கு மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் ஆகும். எனக்குப் பெரிய கவலை உங்கள் கிட்னிதான். கடலில் வெயிலில் வேர்த்து, தண்ணீரும் குடிக்காமல் வலி மாத்திரையைப் போடாதீர்கள்.

கேள்வி: அத்தாவுக்கு அலோபியூரினால் தொடங்கிப் பத்தே நாளில் வலி வந்துவிட்டது. நிறுத்திவிட்டோம். சரிதானே? (கீழக்கரை)

பதில்: நிறுத்தியிருக்க வேண்டாம் தங்கச்சி. படிந்தது கரையத் தொடங்கும்போது இப்படி வலி கிளம்புவது வழக்கம்தான். அதனால்தான் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே தொடங்கி மெதுவாக ஏற்றுவோம், கூடவே வலி கிளம்பாமல் தடுக்க மூன்று முதல் ஆறு மாதம் கோல்சிசின் என்ற மாத்திரையைச் சின்ன அளவில் கொடுப்போம். டாக்டரிடம் காட்டி மறுபடி தொடங்குங்கள். ஆனால் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: வலி வந்த அன்று யூரிக் ஆசிட் டெஸ்ட் எடுத்தேன், 5.9 தான். அப்படியென்றால் கவுட் இல்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு இறங்கிக் காட்டும். அடங்கி ரெண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

கேள்வி: தொண்டிக்காரன் நான். நெத்திலி, சாளை, கருவாடு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: பத்தியத்தால் மட்டும் யூரிக் ஆசிட் பெரும்பாலும் ஒரு புள்ளி குறைந்தாலே அதிகம், ஆகவே மாத்திரையை விட்டுவிட்டு மீனைத் திட்டாதீர்கள். நெத்திலி, சாளை, இறாலைக் குறையுங்கள், ஆட்டு ஈரலையும் பீரையும் விடுங்கள், கலர் பாட்டிலும் வேண்டாம். அப்புறம், பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தால் அதுவும் யூரிக் ஆசிட்டை ஏற்றும், மாற்று மாத்திரை இருக்கிறது.