சூடு ஏற ஏற கடத்தாறும் மாறுது: உங்க கேள்விகளும் பதில்களும்

வெப்பக்கடத்தல் மொடல் செய்றவங்க அனுப்பின கேள்விகள்ல சிலத எடுத்திருக்கேன். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, சாமான் சூடாகும்போது அதோட கடத்தாறும் (வெப்பத்த எவ்வளவு சுலபமா கடக்க விடுதுங்கிற அளவு) மத்த குணமும் சேந்து மாறுதே, அத கணக்குல எப்படி கொண்டு வர்றதுன்னு.

தேயிலை பெக்டரி டிரையருக்கு சூட்டுக்காத்து குடுக்கிற விறகு அடுப்போட செங்கல் சுவர வச்சு ப்ரொஜெக்ட் செய்றேன் சேர். கடத்தாறுக்கு ஒரே நம்பர போட்டேன், சுப்பவைசர் ஏத்துக்க மாட்டேங்கிறாரு. அவ்வளவு வித்தியாசம் வருமா? (ஹட்டன்)

வரும் தம்பி, நல்லாவே வரும். பேனையும் பேப்பரும் எடுத்து நீங்களே பாருங்க. சுவர் 230 மில்லிமீற்றர், உள்முகம் 900 பாகை, வெளிமுகம் 100 பாகைன்னு வைங்க. கடத்தாறு 0 பாகையில 0.9 W/mKல தொடங்கி ஒவ்வொரு பாகைக்கும் 0.0006 கூடுதுன்னு வைங்க (இது கணக்குக்காக நான் எடுத்த நம்பர், உங்க கல்லுக்கு அது வாங்கின இடத்துல டேட்டா ஷீட் கேளுங்க). 20 பாகையில உள்ள கடத்தாற மட்டும் போட்டா சதுர மீற்றருக்கு சுமார் 3170 வாட் வெளிய போகுதுன்னு வரும், கூடுறதையும் சேத்துக்கிட்டா 4170 வாட். கால்வாசி நட்டத்த உங்க மொடல் காட்டவே இல்ல, அது அப்படியே விறகு கணக்குல போய் விழுது.

சரி, நடு டெம்பரேச்சர் 500ல உள்ள கடத்தாற போட்டா போதாதான்னு கேப்பீங்க. கடத்தாறு நேர்கோட்டுல மாறினா வெப்ப ஓட்டம் சரியாவே வந்துடும், ஆனா சுவருக்குள்ள உள்ள டெம்பரேச்சர் சரியா வராது. கடத்தாற டெம்பரேச்சரோட தொகையிட்டு (கிர்க்கோஃப் உருமாற்றம்னு சொல்றது இதத்தான்) நடுச்சுவர்ல பாருங்க, 500 இல்ல, 540 பாகை வருது. பின்னால இன்சுலேஷன் வைக்கப் போறீங்கன்னா இந்த 40 பாகை முக்கியம், ஏன்னா அந்த சாமான் தாங்குற உச்ச சூட்டுக்கு கிட்டத்துல நீங்க இருக்கலாம். செராமிக் ஃபைபர் மாதிரி இழைக்கம்பளியில இது இன்னும் மோசம், உள்ள இருக்கிற இடைவெளியில கதிர்வீச்சாலயும் வெப்பம் கடக்குது, அதனால சூடு ஏற ஏற கடத்தாறு வேகமா கூடும். ஆனா எல்லா சாமானும் இப்படி இல்ல, சாதாரண இரும்புல அது குறையும், அதனால "சூடானா கூடும்"னு பொதுவா மனப்பாடம் பண்ணி வச்சிராதீங்க.

பைதான்ல நானே கோட் எழுதினேன். கடத்தாற ஒவ்வொரு புள்ளியிலயும் மாத்தி, அத டெம்பரேச்சரோட இரண்டாம் வகையீட்டால பெருக்குறேன். உள்ள போற வெப்பமும் வெளிய வர்றதும் சமமா இல்ல. (பேராதனை கெம்பஸ்)

தங்கச்சி, உங்க சமன்பாட்டுல ஒரு உறுப்பு காணாம போயிருக்கு. கடத்தாறு வகையீட்டுக்கு உள்ள இருக்கணும், நீங்க வெளிய எடுத்துட்டீங்க. வெளிய எடுத்தா கடத்தாறு மாறுற வீதத்த டெம்பரேச்சர் சரிவோட வர்க்கத்தால பெருக்கின இன்னொரு உறுப்பையும் சேக்கணும், சரிவு கூடின இடத்துல அது சின்ன விஷயமே இல்ல. அதவிட நல்ல வழி, சமன்பாட்ட விரிக்காம சுவர சின்னச் சின்ன பெட்டியா பிரிச்சு, ஒவ்வொரு எல்லையிலயும் எவ்வளவு வெப்பம் கடக்குதுன்னு எழுதுங்க. ஒரு பெட்டியில இருந்து போறது அப்படியே அடுத்ததுக்குள்ள வரும், கணக்கு பிசகாது.

எல்லையில எந்த கடத்தாறுன்னா, ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரிக்காதீங்க. பெட்டிகள் ஒரே அகலம்னா இசைச் சராசரி (ரெண்டோட பெருக்கத்த இரட்டிப்பாக்கி, கூட்டுத்தொகையால பிரிக்கிறது) போடுங்க. ஒரு பக்கம் 1.2 உள்ள செங்கல், மத்த பக்கம் 0.2 உள்ள இன்சுலேஷன்னா சாதாரண சராசரி 0.7, இசைச் சராசரி 0.34. வெப்பத்த தடுக்கிறது இன்சுலேஷன்தான், அந்த பாதிப்பெட்டியோட தடைய 0.34 தான் சரியா காட்டுது.

எக்செல்ல செய்யலாமா? (பதுளை)

தாராளமா. இட்டரேட்டிவ் கல்குலேஷன ஒன் பண்ணிக்கோங்க. முதல் சுத்துல ஒரு டெம்பரேச்சர ஊகிச்சு கடத்தாறு எடுங்க, புது டெம்பரேச்சர் வந்ததும் திரும்ப எடுங்க, நம்பர் அசையாம நிக்கிற வரைக்கும். ஆடிக்கிட்டே இருந்தா புது விடையில பாதி, பழசுல பாதின்னு கலந்து விடுங்க. வெளிமுகத்துல கதிர்வீச்சு சேக்கிறீங்கன்னா அங்க கெல்வின் தான், நாலாம் அடுக்குல செல்சியஸ் போட்டா எல்லாம் கெட்டுடும்.

நுவரெலியாவுல பேக்கரிக்கு புதுசா போறணை கட்டினோம். முதல் தடவ எரிக்கும்போது சுவருக்குள்ள வச்ச தேமோகப்பிள் ரொம்ப நேரம் 94 பாகையிலயே நின்னுச்சு. மொடல்ல அப்படி வரல. சென்சர் பழுதா?

இல்ல அண்ணே, சென்சர் உண்மையத்தான் சொல்லுது. புதுச்சுவர்ல ஈரம் இருக்கு, அது ஆவியாகி முடியிற வரைக்கும் அந்த இடத்துல டெம்பரேச்சர் ஏறாது. நுவரெலியா கடல்மட்டத்துல இருந்து 1868 மீற்றர் உயரம், அங்க தண்ணி 100ல இல்ல, கிட்டத்தட்ட 94 பாகையில கொதிக்கும்.

ஒரு கிலோ தண்ணி ஆவியாக சுமார் 2260 கிலோஜூல் வேணும், ஒரு கிலோ செங்கல ஒரு பாகை சூடாக்க சுமார் 1 கிலோஜூல் போதும். அப்போ ஒரு கிலோ கல்லுல 50 கிராம் ஈரம் இருந்தாலே அது குடிக்கிற வெப்பம், அந்த கல்ல 110 பாகைக்கு மேல ஏத்த போதும். மொடல்ல இத சேக்கிறதுக்கு சுலபமான வழி, 94ஐ சுத்தி ஒரு பத்து பாகை அகலத்துல தன்வெப்பக் கொள்ளளவ (ஒரு கிலோவ ஒரு பாகை சூடாக்க வேண்டிய வெப்பம்) அந்த அளவுக்கு உயத்தி விடுறது. காய்ஞ்சதுக்கு பிறகு அந்த உயர்வ எடுத்துடணும், இல்லன்னா ரெண்டாம் நாளும் உங்க மொடல் ஈரத்த காய வச்சுக்கிட்டே இருக்கும். அடுப்பயும் அவசரமா எரிக்க வேணாம், ஆவிக்கு வெளிய போக நேரம் குடுக்கலன்னா உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறி கல் வெடிச்சு உரியும்.

தீப்பிடிச்ச கட்டடத்துல இரும்பு பீமோட டெம்பரேச்சர் கணக்கு பாக்கிறேன். டைம் ஸ்டெப்ப மாத்தினா 700 பாகைக்கு மேல விடையும் மாறுது. (கண்டி)

யூரோகோட் (ஐரோப்பிய கட்டட வடிவமைப்பு விதிகள்) அட்டவணையத்தான் எடுத்திருப்பீங்க. அதுல இரும்போட தன்வெப்பக் கொள்ளளவு 20 பாகையில கிலோவுக்கு 440 ஜூல், 735 பாகையில 5000ன்னு ஊசி மாதிரி ஏறி திரும்ப இறங்குது, இரும்போட பளிங்கு அமைப்பு மாறுறதுக்கு போற வெப்பம் அது. உங்க ஸ்டெப் 720ல இருந்து 750க்கு தாவினா அந்த ஊசிய தாண்டிடுது, அந்த வெப்பம் கணக்குலயே வராது. ஸ்டெப்ப சின்னதாக்கலாம்தான், ஆனா நான் சொல்றது, டெம்பரேச்சர விட்டுட்டு எந்தல்பிய (சாமானுக்குள்ள சேந்திருக்கிற மொத்த வெப்பம்) மாறியா வைங்க. முதல்ல கொள்ளளவ தொகையிட்டு ஒரு அட்டவணை போட்டுக்கோங்க, ஒவ்வொரு ஸ்டெப்பிலயும் சேந்த வெப்பத்த எந்தல்பியில கூட்டுங்க, பிறகு அட்டவணையில இருந்து டெம்பரேச்சர வாசிச்சு எடுங்க. எவ்வளவு பெரிய ஸ்டெப்பா இருந்தாலும் உள்ள வந்த வெப்பம் தொலையாது. கடத்தாறு மட்டும் 20 பாகையில 53.3ல இருந்து 800 பாகையில 27.3 வரைக்கும் அமைதியா இறங்குது, அதுல உங்களுக்கு தொல்லை இல்ல.