பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா? விளையாட்டுச் சாமான்கள்: கேள்வி பதில்

விளையாட்டுச் சாமான் கடையில் பதினொரு வருடம் நின்றவன் நான். அதில் கடைசி நான்கு வருடம் ரிட்டர்ன் மேசையில். 'வாங்கினேன், பயன்படுத்தினேன், இப்போது திருப்பிக் கொடுக்கலாமா?' என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒரு வாரம் மலையேறப் போகிறோம். டென்ட், பெரிய முதுகுப்பை எல்லாம் வேண்டும். 30 நாள் ரிட்டர்ன் உள்ள கடையில் வாங்கி, வந்ததும் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். விதிப்படி சரிதானே?

விதியில் இடம் இருக்கலாம். ஆனால் அந்த 30 நாள் யாருக்காக வைத்தது? வாங்கும்போது வைத்துக்கொள்ளத்தான் வாங்கினார், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அளவு சரியில்லை, எடை அதிகம், மனம் மாறிவிட்டது என்கிறவருக்காக. நீங்கள் கடைக்குள் நுழையும் முன்பே திருப்பிக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டீர்கள். அதற்குப் பெயர் வாடகை. வாடகை மட்டும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை ஒருவர் டென்ட் கொண்டுவந்தார். "திறக்கவே இல்லை" என்றார். பையைப் பிரித்தேன். பன்னிரண்டு ஆணிகளில் இரண்டு வளைந்திருந்தன. தரைத்துணி மடிப்பிலிருந்து பைன் மர ஊசியிலைகள் மேசைமேல் உதிர்ந்தன. ஈரத்தோடு சுருட்டியதால் பூஞ்சை நாற்றம் வேறு. அவர் ஊசியிலைகளைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவரும் எதுவும் பேசவில்லை.

மலையேற்றச் சாமான்களை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மலையேறும் குழுக்களில் இரவல் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். உங்களுக்கு ஒரு சின்னச் சோதனை: விற்பவர் "எத்தனை நாளைக்கு வேண்டும்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் அந்தத் திட்டம் வேண்டாம்.

கேள்வி: ஓடாமல் ஓட்டக் காலணி சரியா என்று எப்படித் தெரியும்? கடையில் பத்தடி நடந்தபோது நன்றாக இருந்தது. வெளியே இரண்டு முறை ஓடினேன், முழங்கால் வலி. திருப்பிக் கேட்டால் கடைக்காரர் என்னைத் திருடன் போலப் பார்ப்பாரா?

உங்கள் சங்கடம் நியாயமானது. ஷூ விஷயத்தில் பத்தடி நடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வாங்கும் முன் செய்யவேண்டியவை சில உண்டு. மாலையில் போங்கள், பகலெல்லாம் நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடையில் ட்ரெட்மில் இருந்தால் வெட்கப்படாமல் ஏறி ஓடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனபின் சுத்தமான தரையில் ஒரு மணி நேரம் போட்டிருங்கள். இதெல்லாம் போட்டுப் பார்ப்பதுதான், பயன்படுத்துவது அல்ல. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஓடிய ஷூவையும் குறிப்பிட்ட நாட்களுக்குள் திரும்ப எடுப்போம் என்று வெளிப்படையாகவே அறிவிக்கும் விற்பனையாளர்கள் உண்டு. அங்கே நிம்மதியாகக் கொடுங்கள். அந்தச் செலவைக் கணக்குப் போட்டுத்தான் அவர்கள் விலை வைத்திருப்பார்கள். அப்படி அறிவிக்காத கடை என்றால், நேராகப் போய் "இரண்டு முறை ஓடினேன், மொத்தம் 12 கி.மீ., முழங்கால் வலிக்கிறது" என்று சொல்லுங்கள். ஷூவின் அடிப்பாகத்தைக் கழுவி, பெட்டியில் காகிதம் அடைத்து, புதிது போலக் கொண்டுபோகாதீர்கள். முன்பாதம் மடியும் இடத்தில் விழுந்த கோட்டை எந்தச் சோப்பும் எடுக்காது. உண்மையைச் சொன்னவர்களுக்கு நான் எத்தனையோ முறை விதியை வளைத்திருக்கிறேன். பணம் தர முடியாதபோதும் வேறு ஜோடி மாற்றித் தந்திருக்கிறேன்.

ஒரு ஓட்டக் காலணி பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும் என்பார்கள். 300 கி.மீ. ஓடிவிட்டு வந்து வலி என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வலி வேறெங்கோ.

கேள்வி: சீல் உடைத்த டென்னிஸ் பந்து கேனைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கூடாது. கேனைத் திறந்ததுமே பந்துக்குள் இருக்கும் அழுத்தம் மெல்ல இறங்க ஆரம்பித்துவிடும். திறக்கும்போது அந்த 'ஸ்ஸ்' சத்தமே வரவில்லை, பந்தும் எழும்பவில்லை என்றால் அது வேறு கதை. கேனில் ஏற்கெனவே கசிவு இருந்திருக்கிறது. உடனே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைக்கிள் ஹெல்மெட் வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. கீழே விழுந்தேன், தலை தரையில் இடித்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ரிட்டர்ன் நாள் இன்னும் இருக்கிறது. எதுவும் சொல்லாமல் கொடுத்துவிடலாமா?

இதற்கு மட்டும் கண்டிப்பாகவே பதில் சொல்கிறேன்: கொடுக்காதீர்கள்.

பெரும்பாலான சைக்கிள் ஹெல்மெட்டுகளின் உள்ளே இருப்பது இ.பி.எஸ். என்கிற வெள்ளை நுரை. அடி விழும்போது அது நசுங்கி, வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்கு எழும்பாது. மேலே உள்ள பிளாஸ்டிக் ஓடு பளபளவென்று இருக்கும், உள்ளே வேலை முடிந்திருக்கும். அந்த ஹெல்மெட் அலமாரிக்குத் திரும்பினால் வேறொருவர் தலைக்குப் போகிறது. அவர் விழும்போது அதில் நசுங்க எதுவும் மிச்சமில்லாமல் போகலாம். டென்ட்டில் நீங்கள் ஏமாற்றுவது கடைக்காரரின் பணத்தை. இங்கே பணத்தோடு முடிவதில்லை.

உங்கள் ஹெல்மெட் கெட்டுப்போகவில்லை, செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. விபத்துக்குள்ளான ஹெல்மெட்டுக்குப் பதில் புதியதைக் குறைந்த விலையில் தரும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பில்லோடு அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வாரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்ளாதபடி. தலை இடித்திருப்பதால், தலைவலியோ மயக்கமோ வாந்தியோ வந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

பாறை ஏறும் கயிறு, ஹார்னஸ் (இடுப்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) இவற்றுக்கும் இதே நியாயம்தான். நைலான் கயிற்றை வண்டியின் பின்பக்கத்தில் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால்கூட, அமிலம் பட்டு வலு குறைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. இதனால்தான் பல கடைகள் இவற்றைத் திரும்ப எடுப்பதே இல்லை. அந்த விதியைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். நீங்கள் வாங்கிய கயிறு யாரிடமும் போய்வரவில்லை என்பதற்கு அதுதான் உத்தரவாதம்.

கேள்வி: இங்கிலீஷ் வில்லோ மரத்தில் செய்த கிரிக்கெட் பேட். நான்கு மணி நேரம் மரச்சுத்தியலால் தட்டிப் பழக்கினேன். இரண்டாவது மேட்சில் விரிசல். கடைக்காரர் "விளையாடிய பேட்டை எடுக்க மாட்டோம்" என்கிறார். நான் ஏமாற்றவில்லையே?

இல்லை. நீங்கள் கேட்பது ரிட்டர்ன் அல்ல, புகார். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் கடைகளில் பாதிச் சண்டை நடக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பயன்படுத்தாமல் கொடுக்க வேண்டும். தயாரிப்பில் குறை என்றால் பயன்படுத்தியபின்தானே தெரியும்?

ஆனால் விரிசல் எங்கே என்று நீங்கள் சொல்லவில்லை. முகப்பில் மேலாக ஓடும் மெல்லிய கோடுகள் வில்லோவுக்கு இயல்பு. அதற்காக யாரும் பேட் மாற்றித் தர மாட்டார்கள். அடி நுனியில் என்றால் யார்க்கரோ, ஈரத் தரையோ காரணமாக இருக்கலாம். கைப்பிடி பிளேடோடு சேரும் இடத்தில் ஆடுகிறது, அல்லது ஒட்டு விட்டிருக்கிறது என்றால் அது தயாரிப்புக் குறையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. விடாமல் கேளுங்கள்.

அப்புறம், தட்டிப் பழக்காமலே "பழக்கினேன்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரச்சுத்தியலால் ஒழுங்காகத் தட்டிய பேட்டில் ஓரங்கள் மழுங்கி உருண்டிருக்கும். விரல் வைத்தாலே தெரிந்துவிடும். நாங்கள் பில்லைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தைத்தான் தடவிப் பார்ப்போம்.

கேள்வி: பேட்மின்டன் ராக்கெட்டில் நரம்பை 30 பவுண்டு டென்ஷனில் இழுத்துக் கட்டினேன். ஃபிரேம் உடைந்துவிட்டது. 26 என்று சொன்னால் வாரண்டி கிடைக்குமா?

எவ்வளவு வரை தாங்கும் என்று பெரும்பாலும் ராக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். அதைத் தாண்டியது உங்கள் முடிவு. உடைந்ததும் உங்கள் கணக்கில்தான்.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கின்றன. ஒரு ஜோடி ஷூவால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அவர்களுக்கு ஒன்றும் குறையாது. குறைவது உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருக்கு.

அமெரிக்காவில் எல்.எல்.பீன் என்ற நிறுவனம் 1912-இல் ஒரு வேட்டைக் காலணியோடு தொடங்கியது. முதலில் விற்ற 100 ஜோடியில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன என்பது அவர்களே பெருமையாகச் சொல்லும் கதை. நிறுவனர் அத்தனைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். திருப்தி இல்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வாக்கு அப்படி வந்தது, நூறு வருடத்துக்கு மேல் நின்றது. பிறகு சில வாடிக்கையாளர்கள் பத்து இருபது வருடம் தேய்த்த பொருட்களையும், பழைய சாமான் சந்தையில் பொறுக்கியவற்றையும் கொண்டுவந்து நீட்ட ஆரம்பித்தார்கள். 2018-இல் நிறுவனம் ஒரு வருடம் என்று வரம்பு வைத்துவிட்டது, பில்லும் வேண்டும். மலையேற்றச் சாமான் விற்கும் ஆர்.ஈ.ஐ. அதற்கு முன்பே, 2013-இல், அதே ஒரு வருட வரம்பைக் கொண்டுவந்தது.

உண்மையாகவே மூன்றாவது வருடம் தையல் விட்ட மனிதர் இப்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

கேள்வி: இணையத்தில் வாங்கினால் சட்டமே 14 நாள் தருகிறதாமே?

ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆமாம். 2011-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிப்படி, பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். ஆனால் கடையில் எவ்வளவு தொட்டு, போட்டுப் பார்க்க முடியுமோ அவ்வளவுதான் வீட்டிலும். அதற்கு மேல் பயன்படுத்தி மதிப்புக் குறைந்தால், அந்தக் குறைவுக்கு நீங்கள் பொறுப்பு. மற்ற இடங்களில் நாட்டுக்கு நாடு விதி வேறு. பில்லின் பின்பக்கத்தை ஒருமுறையாவது படியுங்கள்.

கேள்வி: மகளை நீச்சலில் சேர்த்தேன். இரண்டு வகுப்போடு வேண்டாம் என்றுவிட்டாள். நீச்சலுடை, கண்ணாடி, துடுப்புக் காலணி எல்லாம் புதிதாகவே இருக்கின்றன. கொடுக்கலாமா?

டேக் எடுக்காதவற்றைக் கொடுங்கள், தயங்க வேண்டாம். குழந்தை மனம் மாறியதில் ஏமாற்று எதுவும் இல்லை. நீரில் நனைந்த நீச்சலுடையை மட்டும் வேண்டாம். கடை எடுத்துக்கொண்டாலும் அதை இன்னொரு குழந்தைக்கு விற்க முடியாது, குப்பைக்குத்தான் போகும். நனைந்த கண்ணாடியையும் துடுப்பையும் அதே வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பாதி விலைக்குக் கொடுத்துப் பாருங்கள். இரண்டே நாளில் போய்விடும்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஒருமுறைகூடச் செய்ததில்லையா?

செய்திருக்கிறேன். கடை வேலைக்கு வரும் முன்பு. அரை மாரத்தானுக்காக ஜி.பி.எஸ். கடிகாரம் ஒன்று வாங்கி, ஓடி முடித்த மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணமும் வந்துவிட்டது. அன்றிரவு படுத்தபின்தான் நினைவு வந்தது: உள்ளே இருந்த எதையும் அழிக்கவில்லை. என் பெயர், எடை, தினமும் ஓட்டம் தொடங்கும் இடம், அதாவது என் வீட்டு வாசல்.

காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். விற்பனைப் பையன் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தான், புதிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடிகாரத்தை உயிர்ப்பித்துத் திரையைப் பார்த்தான். "21 கி.மீ., இரண்டு மணி பதினெட்டு நிமிஷம். சார், இது நீங்களா?" என்றான்.

முழு விலையும் கொடுத்து வாங்கி வந்தேன். இப்போதும் அதைத்தான் கட்டியிருக்கிறேன். பட்டை மட்டும் இரண்டு முறை மாற்றியாயிற்று.