துளையில்லாத தொட்டியும் அழுகிய வேரும்

கேள்வி: வரவேற்பறையில் வைப்பதற்கு ஸ்நேக் பிளாண்ட் ஒன்றும், அதற்கென்று வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்றும் வாங்கினேன். தொட்டியில் துளை இல்லாததால் அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பிவிட்டுத்தான் மண் போட்டேன். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஒரே மாதத்தில் இலைகள் அடியில் கொழகொழத்துச் சாய்ந்துவிட்டன. ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கலாமா?
— வாசகி, சென்னை

பதில்: ஒரு டம்ளர்தான், சரி. மாதத்துக்கு முப்பது டம்ளர் ஆகிறதே, அது எங்கே போகும்? இலையிலேயே நீரைச் சேமித்து வைத்திருக்கும் செடி இது. வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினாலே தாராளம்.

கூழாங்கல் கதையைப் பலரும் நம்புகிறார்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகும் உள்ளே தண்ணீர் இருக்கும். அதன் கீழே கல்லை வைத்தால் அந்தத் தண்ணீர் இறங்கிவிடுமா? மண்ணும் அப்படித்தான். நுண்ணிய மண் முழுக்க நனைந்து ததும்பினால்தான் நீர் கல்லுக்குள் இறங்கும். ஆகவே தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய சேறு இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேருக்குக் காற்று வேண்டும்; அது கிடைக்காமல்தான் அழுகியது.

மீட்டர் வேண்டாம். மலிவான மீட்டர்கள் மண்ணில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்தே ஈரத்தைச் சொல்கின்றன. உரம் போட்ட மண்ணில் ஈரத்தைக் கூட்டிக் காட்டும், பொலபொலப்பான கலவையில் குறைத்துக் காட்டும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், காசு மிச்சம். தென்னைநார்க் கழிவு கலந்த மண் என்றால் மேலே காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும்.

பீங்கான் தொட்டியை வீணாக்க வேண்டியதில்லை. சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதற்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும் நாளில் பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் குளியலறைக்குக் கொண்டுபோய் ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வைக்கலாம். வாங்கும்போது அதன் அடியைத் தடவிப் பாருங்கள். பல தொட்டிகளில் துளைக்கான வட்டம் மட்டும் இருக்கும், மெல்லிய தோல் மூடியிருக்கும். அதைக் குத்தித் திறக்காமல் நட்டுவிட்டுக் கடைக்காரரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

சாய்ந்த இலைகளில் மேல்பகுதி உறுதியாக இருந்தால் நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் சில நாள் காய்ந்த பிறகு, மணல் கூடுதலாகக் கலந்த மண்ணில் தலைகீழாகிவிடாமல் ஊன்றுங்கள். இலையின் ஓரம் மஞ்சளாக இருக்கும் வகை என்றால் ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராகுங்கள்: இலைத்துண்டிலிருந்து வரும் கன்று வெறும் பச்சையாகத்தான் இருக்கும்.

கேள்வி: இணையக் கடையில் 'வடிகால் துளை உண்டு' என்று போட்டிருந்த தொட்டி துளையில்லாமல் வந்தது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
— வாசகர், கோவை

பதில்: மறுக்க முடியாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். விளம்பரப் பக்கத்தையும் தொட்டியின் அடிப்பகுதியையும் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதுவரை தொட்டியில் மண் போட வேண்டாம்.

கேள்வி: மணி பிளாண்ட் வாடுகிறது, தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் வாடுகிறது. சின்னக் கறுப்புப் பூச்சிகளும் பறக்கின்றன.
— வாசகி, மதுரை

பதில்: மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் கெட்டு, நீரை உறிஞ்ச முடியாமல் போயிருக்கலாம். பூச்சிகள் ஈர மண்ணில் முட்டையிடுபவை. மேல்மண் ஒரு அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். பூச்சி மருந்து எதுவும் வாங்க வேண்டாம். பத்து நாளில் தேறாவிட்டால் கணுவோடு ஒரு கொடியை வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போட்டு வையுங்கள், வேர் விடும்.