சத்தம் வருகிறது, படம் வரவில்லை: 'பேனல் போச்சு' என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு 43 அங்குல எல்இடி டிவி வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. இரண்டு வாரமாகச் சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், "பேனல் போச்சு, மாத்த 18,000 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம். இதை வேணும்னா 2,000 ரூபாய்க்கு நான் எடுத்துக்கறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா? புது டிவி வாங்கினால் எங்கள் பழைய டிவிடி பிளேயரை அதில் மாட்ட முடியுமா? கல்யாண டிஸ்க் எல்லாம் அதில்தான் போட்டுப் பார்க்கிறோம்.

பதில்: கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் இன்று இரவு வரையாவது கொடுக்காதீர்கள். ஏன் இரவு என்பதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் டிவியில் படத்தைக் காட்டும் கண்ணாடிக்கு, அதாவது பேனலுக்கு, சொந்தமாக வெளிச்சம் கிடையாது. அதன் பின்னால் வரிசையாக எல்இடி பல்பு பதித்த அலுமினியப் பட்டைகள் இருக்கின்றன. பேக்லைட் என்பது அதுதான். அந்த வெளிச்சம் கண்ணாடி வழியாக வரும்போதுதான் நமக்குப் படம். பட்டை அணைந்துவிட்டால் கண்ணாடியில் படம் ஓடிக்கொண்டே இருக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. சத்தம் ஒழுங்காக வருகிறது, ரிமோட்டில் சேனல் மாறுகிறது என்றால் மெயின் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த அறிகுறியோடு வரும் டிவிகளில் பெரும்பாலானவற்றில் போயிருப்பது பேக்லைட்தான், பேனல் அல்ல. டிவியிலேயே விலை கூடிய பாகம் பேனல், விலை குறைந்தவற்றில் ஒன்று பட்டை. இரண்டையும் மாற்றிச் சொல்வதில்தான் சிலருக்குப் பிழைப்பே ஓடுகிறது. 2,000 ரூபாய்க்கு உங்களிடம் எடுத்த 'செத்த' டிவிக்குப் பட்டை மாற்றி, அடுத்த வாரமே செகண்ட் ஹேண்டாக நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம். 'எடுத்துக்கறேன்' என்று மெக்கானிக்கே முன்வந்தால் அதைச் சந்தேகிக்க அது ஒன்றே போதும்.

சோதிக்கும் முன் ஒரு விஷயம். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இப்போதைய ஸ்மார்ட் டிவி பலவற்றில் படத்தை மட்டும் அணைத்துவிட்டுப் பாட்டு கேட்கும் வசதி இருக்கிறது. 'பிக்சர் ஆஃப்' அல்லது 'ஸ்கிரீன் ஆஃப்' என்று மெனுவுக்குள் இருக்கும். குழந்தைகள் கையில் ரிமோட் போனால் தெரியாமல் இது விழுந்துவிடும். திரை முழுக் கறுப்பு, சத்தம் மட்டும் வரும், அதாவது நீங்கள் சொல்லும் அறிகுறியேதான். சத்தத்தைக் கூட்டும், குறைக்கும் பட்டனை அழுத்தினால் படம் திரும்பாது, ஆகவே ரிமோட் வேலை செய்கிறது, படம்தான் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அதனால் வால்யூம் தவிர்த்த வேறு பட்டனை, ஹோம் அல்லது ஓகே பட்டனை, அழுத்திப் பாருங்கள். பிறகு சுவிட்ச் போர்டிலேயே அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். செட்டாப் பாக்ஸ் வைத்திருந்தால் அதன் எச்டிஎம்ஐ வயரைப் பிடுங்கிவிட்டு, டிவியின் சொந்த மெனு வருகிறதா என்று பாருங்கள். மெனு தெரிந்தால் கோளாறு பாக்ஸிலோ வயரிலோதான், டிவியில் அல்ல. இரண்டு வாரமாக இப்படியே இருப்பதால் உங்கள் வீட்டில் இதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் பார்த்துவிடுங்கள், பைசா செலவில்லை.

இனி டார்ச் சோதனை. இரவில் அறை விளக்கை எல்லாம் அணையுங்கள். டிவியைப் போட்டு ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஓரிரு அங்குல தூரத்தில், நேராக அல்ல, சாய்த்துப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். மெனு சில விநாடியில் மறைந்துவிடும், மறுபடி அழுத்திக்கொள்ளுங்கள். டார்ச் விழும் இடத்தில் எழுத்தோ, ஆட்களின் உருவமோ மங்கலாகத் தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு: ஆன் செய்ததும் ஒன்றிரண்டு விநாடி படம் பளிச்சென்று வந்து பிறகு கறுத்துப்போகும். பட்டையில் கோளாறு என்று தெரிந்து பேக்லைட் சர்க்யூட் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதுதான் அது.

மாறாக, திரை முழுக்கச் சாம்பல் நிறமாக ஒளிர்கிறது, படம் மட்டும் இல்லை என்றால் பட்டையில் குறை இல்லை. பேனலுக்குப் படத்தை அனுப்பும் டி-கான் போர்டையும், அங்கிருந்து போகும் தட்டையான ரிப்பன் வயரையும் பார்க்க வேண்டும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ, மேலிருந்து கீழாக நிலையான கோடுகள் விழுந்திருந்தாலோ பெரும்பாலும் பேனல் விவகாரம். அதில் காசு போடுவது வீண்.

பட்டை ஏன் போகிறது? பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. திருவிழாவில் போடும் சீரியல் செட் மாதிரி ஒன்று அறுந்தால் வரிசையே அணையும். அறுவதற்குக் காரணம் சூடு. கடையில் பளபளவென்று தெரிய வேண்டும் என்பதற்காக 'விவிட்', 'டைனமிக்' என்ற பெயரில் பேக்லைட்டை முழு அளவில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே ஓடும். வருடக்கணக்கில் தினமும் ஏழெட்டு மணி நேரம் அப்படி ஓடினால் பல்பு தாங்காது. படம் லேசாக நீலம், ஊதா பூத்துத் தெரிய ஆரம்பித்தாலே பல்பின் மேல் பூச்சு கெட்டுவருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே பலர் செய்யும் தவறு, மெனுவில் 'பிரைட்னஸ்' என்பதைக் குறைப்பது. பல டிவிகளில் அது கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும், பல்பின் கரண்ட்டைத் தொடாது. குறைக்க வேண்டியது 'பேக்லைட்' என்று தனியாக இருப்பதை. நூற்றுக்கு 50 முதல் 70க்குள் வைத்தால் சாதாரண ஹாலுக்குத் தாராளம்.

ரிப்பேருக்கு வருவோம். 43 அங்குலத்துக்குப் பட்டை செட், கூலி எல்லாம் சேர்த்துச் சுமார் 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் பெரும்பாலும் முடியும். ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும். ஆள் பிடிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

"எல்லாப் பட்டையும் மாத்துவீங்களா?" போன ஒரு பல்பை மட்டும் மாற்றினாலோ, அதைக் குறுக்கே கம்பி போட்டு இணைத்தாலோ திரையில் வெளிச்சம் வரத்தான் செய்யும். ஆனால் மற்ற பல்புகளும் அதே வயது, அதே சூடு தின்றவை. சில மாதத்தில் அடுத்தது போகும், மறுபடி கூலி. மாற்றினால் முழு செட்தான் மாற்ற வேண்டும்.

"பழைய பட்டையில் இருக்கும் நம்பரைப் பார்த்து வாங்குவீங்களா?" டிவி மாடல் நம்பரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே மாடலில் வெவ்வேறு பேனல் போட்டு விற்பது கம்பெனிகளுக்கு வழக்கம். 3 வோல்ட் பல்பு, 6 வோல்ட் பல்பு என்று இருவகை உண்டு. மாற்றிப் போட்டால் சர்க்யூட் ஏற்காமல் நிறுத்திக்கொள்ளும், அல்லது புதுப் பட்டையும் போய்விடும். டிவியைத் திறந்து, பட்டையில் அச்சிட்ட எண்ணையும் பல்பு எண்ணிக்கையையும் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் பட்டை வாங்க வேண்டும், சென்னையில் ரிச்சி தெருவாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் சரி.

"கரண்ட் குறைச்சுத் தருவீங்களா?" பவர் போர்டில் பேக்லைட் கரண்ட்டைத் தீர்மானிக்கும் சின்ன ரெசிஸ்டர்கள் பல போர்டுகளில் இரண்டு மூன்று இணையாக இருக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டால் கரண்ட் இறங்கும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆயுள் நீளும். இதைக் கேட்டதும் புரிந்துகொண்டு பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர். "அதெல்லாம் வேண்டாம் சார்" என்று நழுவினால் வேறு ஆள் பாருங்கள்.

நீங்களே யூடியூப் பார்த்துக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். அதைவிட டிவிக்கு ஆபத்து கண்ணாடியைத் தூக்கும்போதுதான். அதன் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பன்கள் தொங்கும். ஒன்று மடங்கிக் கிழிந்தாலும் திரையில் நிரந்தரமாகக் கோடு விழும். உண்மையிலேயே பேனல் போவது அப்போதுதான். 43 அங்குலத்துக்கு இரண்டு பேர் வேண்டும், உறிஞ்சிப் பிடிக்கும் கப் வைத்துச் சமமாகத் தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஷீட்டுகளைக் கழற்றிய அதே வரிசையில் போட வேண்டும், விரல் பட்டால் கறை திரையில் தெரியும். வேலை முடியும்வரை ஃபேன் ஓடக் கூடாது. "கண்ணாடியில் கோடு விழுந்தால் யார் பொறுப்பு?" என்று ஆரம்பத்திலேயே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

முடிந்தவரை வீட்டிலேயே செய்யச் சொல்லுங்கள். கடைக்கு எடுத்துப் போனால்தான் ஆகும் என்றால், பின்மூடியைத் திறக்கச் சொல்லி, பேனல் ஸ்டிக்கரையும் மெயின் போர்டு, பவர் போர்டு ஸ்டிக்கர்களையும் உங்கள் போனில் படம் எடுங்கள். திரும்பி வரும்போது ஒத்துப்பாருங்கள். நல்ல போர்டைக் கழற்றிக்கொண்டு பழுது பார்த்த போர்டை மாட்டி அனுப்புவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். கழற்றிய பட்டைகளைக் கையோடு திருப்பி வாங்குங்கள்.

கம்பெனி சர்வீஸுக்கே போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் பல கம்பெனிகள் பட்டையைத் தனியாக மாற்றுவதில்லை, 'பேனல் செட்' என்று மொத்தமாகவே விலை சொல்லும். வெளி மெக்கானிக்குக்கு அசல் பாகமும் தராது, தானும் சின்ன வேலையாகச் செய்து தராது. கடைசியில் நல்ல கண்ணாடி குப்பைக்குப் போகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு தளம் தொடங்கியது. தளம் இருக்கிறது, பாகம்தான் கிடைப்பதில்லை. சர்வீஸ் நம்பரைக் கூகுளில் தேடி முதலில் வருவதற்குப் போன் போடாதீர்கள். கம்பெனி பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏஜென்சிகளும் மோசடிக்காரர்களும் அதில் நிறைய. டிவியின் பின் ஸ்டிக்கரிலோ, வாரண்டி அட்டையிலோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். "முதலில் இந்த ஆப்பைப் போடுங்க, பத்து ரூபாய் கட்டுங்க" என்றால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள்.

பில் கொடுத்துவிட்டு வேலையைச் சொதப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்கிறது, அவ்வளவுதான். பில்லே இல்லாமல் 'ஜிஎஸ்டி மிச்சம்' என்று காசு கொடுத்திருந்தால் இதில் எதுவும் எளிதில் உதவாது.

இனி டிவிடி பிளேயர். மாட்டலாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளை உள்ள டிவிகள் குறைந்துவிட்டன. பலவற்றில் ஹெட்போன் துளை போல ஒற்றை 'ஏவி இன்' மட்டும் இருக்கும். அதற்கான வயர் சில டிவிகளின் பெட்டியிலேயே வரும், தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெளியே வாங்கும் வயரில் உள்ளிணைப்பு மாறியிருக்கலாம். படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால் வயர்தான் காரணம், பிளேயர் அல்ல. மஞ்சள் துளை இல்லாமல் பச்சை மட்டும் இருந்தால், பச்சையிலேயே மஞ்சளைச் செருகி இன்புட்டில் 'ஏவி' தேர்ந்தெடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் 'காம்போனென்ட்' தேர்வாகியிருக்கிறது என்று அர்த்தம்.

இவற்றில் எதுவுமே இல்லாத டிவி என்றால் சின்ன கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். கவனம்: 'ஏவி டு எச்டிஎம்ஐ' ஒன்று, 'எச்டிஎம்ஐ டு ஏவி' வேறொன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடைக்காரரே மாற்றிக் கொடுப்பார். உங்களுக்கு வேண்டியது முதலாவது, மூன்று வண்ண வயர் உள்ளே போய் எச்டிஎம்ஐ வெளியே வருவது. டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து அதற்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும். பெட்டியில் '1080' என்று போட்டிருப்பதை நம்பிப் படம் தெளியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஊர் டிவிடியில் இருப்பது 720க்கு 576 புள்ளிதான், பெரிய திரையில் மசமசப்பாகத்தான் தெரியும். ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் டிவியில் திரை அளவை 4:3க்கு மாற்றுங்கள்.

டிஸ்க்கை நம்பி மட்டும் இருக்காதீர்கள். கல்யாண வீடியோக்காரர் பதிந்து கொடுத்த டிஸ்க்கில் சாயப் படலம்தான் இருக்கிறது, அது நாளடைவில் மங்கும், நடுவில் படம் சிக்கி நிற்க ஆரம்பித்தால் அதுதான் காரணம். டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டு, 'VIDEO_TS' என்ற ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். ஒரு டிஸ்க்குக்கு அதிகபட்சம் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு டிஸ்க் என்றால் 8.5 வரை போகும். எம்பி4 ஆக மாற்றிப் பென் டிரைவில் போட்டால் யுஎஸ்பி உள்ள பெரும்பாலான டிவிகளில் நேராக ஓடும், பிளேயரும் வயரும் தேவையில்லை. இரண்டு இடத்தில் நகல் வையுங்கள், டிஸ்க் ஓடும்போதே செய்யுங்கள்.