ஹெரோடோட்டஸுக்குக் கிடைத்த கைடு

கேள்வி: நானும் கணவரும் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு எகிப்து போகிறோம். கெய்ரோ, லக்சர், அஸ்வான், அபு சிம்பெல் என்று எட்டு நாள் பேக்கேஜ். கைடு கூடவே வருவாராம். "கைடு எதற்கு? படித்துவிட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் இவர். கைடு தேவையா? எந்த மாதம் போவது நல்லது?
- ஒரு வாசகி

பதில்: கைடு தேவை. இதில் நான் உங்கள் கட்சி. அவர் சொல்வதையெல்லாம் நம்பலாமா என்பது வேறு வழக்கு. அது இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கிஸாவுக்குப் போனார். பெரிய பிரமிடின் மேல் எகிப்திய எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. கூட வந்தவர் படித்துச் சொன்னார்: வேலையாட்கள் தின்ற முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வகையில் செலவு 1,600 தாலந்து வெள்ளி. ஹெரோடோட்டஸ் அதை அப்படியே எழுதிவைத்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்ற உத்தரவாதத்தோடு.

1,600 தாலந்து என்றால் நாற்பது டன்னுக்கு மேல் வெள்ளி. வெங்காயத்துக்கு! பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னன் காலத்து எகிப்தில் காசு என்பதே கிடையாது. கூலி ரொட்டியும் பீரும்தான். வெள்ளியோ தங்கத்தைவிட அரிது. அதெல்லாம் போகட்டும், எந்த ராஜாவாவது தன் கல்லறையில் மளிகைக் கணக்கை வெட்டிவைப்பானா? என் ஊகம் இதுதான்: அந்த மனிதருக்கு அந்த எழுத்தில் ஒன்றைக்கூட வாசிக்கத் தெரியாது. வெளியூர்க்காரர் வாயைப் பிளந்து நிற்கிறார், போகும்போது கையில் ஏதாவது வைப்பார். அந்த நேரத்தில் "தெரியாது" என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? அவருடைய வாரிசுகள் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள்.

உங்கள் கைடு சாட்டையடி, அடிமைகள் என்று ஆரம்பித்தால் தலையாட்டிக்கொண்டே கேளுங்கள். 1990 முதல் பிரமிடுக்குப் பக்கத்திலேயே தொழிலாளர்களின் கல்லறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். முறிந்து, பிறகு ஒழுங்காகக் கூடிய எலும்புகள் கிடைத்தன. வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். சாட்டையால் அடித்துச் சாகடித்த அடிமையை எந்த அரசன் தன் காலடியில் புதைப்பான்?

அடுத்து, பிரமிடைக் கட்டியதாகச் சொல்லப்படும் வேற்றுக்கிரகவாசிகள். முன்பு இதே பக்கத்தில் அவர்களைக் கிண்டல் செய்தபோது திட்டிக் கடிதங்கள் வந்தன. இன்னொரு கட்டு வரட்டும். 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் மெரெர் என்ற மேஸ்திரியின் நாள்குறிப்பு கிடைத்தது. கூஃபு காலத்துப் பாப்பிரஸ், அதாவது நாணல் தாள். துரா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், கிஸாவில் இறக்கினோம், இரவு இங்கே தங்கினோம் என்று தினப்படிக் கணக்கு. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. நட்சத்திரம் தாண்டி வந்தவர்கள் கல்லை நைலில் படகு வைத்து இழுத்து, அதற்கு லாக் புக்கும் எழுதினார்கள் என்றால் அவர்களுக்கும் ஆடிட் இருந்திருக்கிறது.

தம்பதியாகப் போகிறீர்கள் என்பதால் இன்னொரு தம்பதி. கி.பி. 130இல் ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் மனைவி சபீனாவுடன் லக்சருக்கு எதிர்க்கரையில் மெம்னோன் சிலைகளைப் பார்க்கப் போனார். ஒரு சிலையில் விரிசல். விடியற்காலையில் அதிலிருந்து ஓசை வரும். அன்று வரவில்லை. கூட வந்த கவிஞர் ஜூலியா பால்பில்லா உடனே சமாளித்தார்: அழகி சபீனா மறுபடி வரட்டும் என்றுதான் மெம்னோன் மௌனமாக இருந்தான்! கைடுகள் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய அம்மாள். அவர் கவிதைகளைச் சிலையின் காலிலேயே வெட்டிவைத்தார்கள். இன்று செய்தால் போலீஸ் பிடிக்கும். சபீனா பேரிலும் ஒரு வரி உண்டு: ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தடவை கேட்டேன். அதற்குமேல் அந்தப் பெண்மணி எதுவும் சொல்லவில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் கணவரின் ஆசை நாயகன் ஆன்டினோஸ் நைலில் மூழ்கிச் செத்திருந்தான். அந்தப் பயணத்தில் சாப்பாட்டு மேசைப் பேச்சு எப்படி இருந்திருக்கும்!

நம்மவர்களும் எகிப்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமியில் இருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று வாசித்தார், அதாவது உறியில் தொங்கும் பானை. இன்னொரு செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் ஒரு கோயிலுக்குள் ஒரு இந்தியச் சாடி நிறைய ஏழரை கிலோ மிளகு. பிரமிடையே தமிழன்தான் கட்டினான் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் அன்பர்களுக்கு இது போதாது. எனக்கு அந்த உறிப் பானைக்காரரை ரொம்பப் பிடித்திருக்கிறது. கடல் தாண்டிப் போயும் தன் பானையைப் பற்றி எழுதியிருக்கிறார், தன்னைப் பற்றி அல்ல.

மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைக்குள் நின்று விளக்கம் சொல்லக் கைடுக்கு அனுமதி இல்லை. வாசலிலேயே கதையை முடித்துவிடுவார். உள்ளே காவலாளி ஓர் அட்டைத் துண்டை விசிறிக்கொள்ளக் கொடுப்பார். வாங்கிவிட்டால், திரும்பும்போது கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக் காட்டுவார். பக்‌ஷீஷ். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் களைத்திருக்கும்போது கைடு ஒரு பாப்பிரஸ் கடைக்குக் கூட்டிப்போவார். அங்கே தேநீர் இலவசம், மற்றதெல்லாம் கமிஷன் சேர்த்த விலை. உங்கள் வீட்டுக்காரரின் புத்தகப் படிப்புக்கு அங்கேதான் வேலை.

மாதம்: அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில். ஜூலையில் லக்சர் 40 டிகிரிக்கு மேல் போகும். அபு சிம்பெல் கருவறையில் வெயில் விழும் பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். கோயிலைக் கட்டிய மன்னன் ராம்செஸ் சிலையின் முகத்தில் வெளிச்சம் படும். உங்களுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் தூக்கிப் பிடித்த செல்போன்.